காய்க்காத கண்டலும் கைக்கெட்டிய தாய்மரமும்

சுனாமி வந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு கண்டல் நடுகைக்குப் போயிருந்தேன். பாடசாலைப் பிள்ளைகள், மீனவர் சங்கத்து ஆட்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று நிறையப் பேர். முழங்கால் அளவு சேற்றில் நின்று நாள் முழுக்க நட்டோம். நட்டவை கன்றுகள் என்பதைவிடக் காய்கள் என்பதுதான் சரி. கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். முற்றியதைப் பறித்து, அடிப்பக்கத்தைச் சேற்றில் குத்தி நிறுத்தினால் அதுவே கன்று. அந்தக் காய்களை முதல்நாள் உரப்பைகளில் நிரப்பியவர்களில் நானும் ஒருவன். தோணித்துறைக்குப் பக்கத்தில் நின்ற மூன்று மரங்களிலிருந்துதான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பறித்தோம். அவை கைக்கு எட்டின. தோணியெடுத்துப் போய் அடுத்த திட்டில் பறிக்க அன்று பொழுது இருக்கவில்லை.

மறுநாள் ஒரு பலகை நட்டு, எத்தனை கன்று வைத்தோம் என்று எழுதினார்கள். எத்தனை மரத்தின் பிள்ளைகள் அவை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. ஒரு காட்டின் நாளைய பலம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மரத்தை வைத்து ஊருக்குப் பெயர் வைத்த நாடு இது. வாகரைப் பக்கம் கண்டலடி, வாழைச்சேனைப் பக்கம் கிண்ணையடி. வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையில் கொக்கட்டி மரத்தால் கொக்கட்டிச்சோலை, தில்லை மரத்தால் தில்லை மண்டூர். அம்பாறைக் கரையில் மருதமுனை. இதில் கண்டல், கிண்ணை, தில்லை மூன்றும் உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் நிற்கப் பழகிய மரங்கள். பேச்சில் வாவிக்கரைக் காடு முழுவதையும் 'கண்டல்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இலங்கையின் கரையோரங்களில் இருபது வகைக்குக் குறையாமல் இப்படியான மரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் பூப்பதும் சேர்வதும் பிள்ளை பெறுவதும் வேறு வேறு விதம்.

கண்டல் என்று சரியாகச் சொல்லத்தக்கவை, முட்டுக்கால் ஊன்றியதுபோல வேர்களை வளைத்து நிற்கும் மரங்கள். விஞ்ஞானப் பெயர் ரைசோபோரா. நம் வாவியில் இதில் இரண்டு இனம். ஒன்று ரைசோபோரா அபிகுலேட்டா, மற்றது ரைசோபோரா மியூக்ரோனேட்டா. வாயில் நுழையச் சிரமம் என்பதால் முதலாவதைக் குறுங்காய்க் கண்டல் என்றும் இரண்டாவதை நெடுங்காய்க் கண்டல் என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். குறுங்காய்க் கண்டலின் காய் பெரும்பாலும் ஒரு அடிக்குள் நிற்கும். நெடுங்காய்க் கண்டலின் காய் இரண்டு அடியையும் தாண்டும். காயை மட்டும் நம்பினால் சில நேரம் ஏமாறுவோம், பூவைப் பார்ப்பது நல்லது. குறுங்காய்க் கண்டலில் குட்டையான தடித்த காம்பில் இரண்டு பூக்கள் சோடியாக இருக்கும், இதழில் மயிர் இராது. நெடுங்காய்க் கண்டலில் காம்பு நீளம், மூன்று நான்கு பூக்களோ அதற்கு மேலோ தொங்கும், இதழின் ஓரத்தில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். இலையும் உதவும். நெடுங்காய்க் கண்டலின் இலை அகலம், நுனியில் ஊசிபோல ஒரு முள், அடிப்பக்கத்தில் சிறு கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

சரி, இரண்டும் ஒரே சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காலத்தில் பூத்தால் என்ன ஆகும்? கண்டல் பூவின் மகரந்தம் பெரும்பாலும் காற்றில்தான் போகிறது. காற்றுக்கு இனம் தெரியாது. அரிதாக ஒன்றின் மகரந்தம் மற்றதன் சூலகத்தில் விழுந்து காயாகிவிடும். அப்படிப் பிறந்த மரம்தான் ரைசோபோரா அண்ணாமலையானா. பெயரைக் கேட்டாலே தெரியும், அது தமிழ்க் கரையில் சூட்டிய பெயர். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் கண்டற்காட்டில் இதைக் கண்டு 1995ல் விவரித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன். அதற்கு முன்பே அந்தக் காட்டில் இடைப்பட்ட தோற்றமுள்ள மரங்களைப் பார்த்தவர்கள், பசுபிக் பக்கத்தில் வளரும் வேறொரு கலப்பினமாக அதை எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று பிச்சாவரத்தில் வளர்வதே இல்லை. பிறகு 1997ல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் டி.என்.ஏ. அடையாளங்களை ஒப்பிட்டு, இதன் பெற்றோர் நம் வாவியிலும் நிற்கும் அதே குறுங்காய், நெடுங்காய்க் கண்டல்கள்தான் என்று உறுதி செய்தார்கள். பின்னர் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த மரம் பதிவானது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இதே பிச்சாவரக் காட்டு மரம்தான். மண்டூரில் முருகனுக்கு நிழல் தருவதும் அதே மரம். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மரங்கள், ஒரே பெயர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கலப்பின மரத்தைப் பார்த்தால் அம்மாவையும் அப்பாவையும் சரிபாதி வாங்கிய பிள்ளைபோல இருக்கும். பூ இரண்டு முதல் நான்கு. இதழில் மயிர் உண்டு, ஆனால் ஐதாக. இலை இரண்டுக்கும் நடுவில். பல இடங்களில் பெற்றோரைவிட உயரமாகவும் செழிப்பாகவும் வளர்ந்து நிற்கும். பூவும் நிறையப் பூக்கும். காய் மட்டும் அநேகமாகப் பிடிக்காது.

என் பெரியப்பா வாவியில் வலை வீசியே வயதானவர். நான் சிறுவனாக இருக்கும்போது கரையோரம் ஒரு உயரமான கண்டலைக் காட்டி, "இது மலட்டுக் கண்டல், மனே. வருசம் முழுக்கப் பூக்கும், ஒரு காய் தராது" என்றார். அது இந்தக் கலப்பினம்தானா, இல்லை வேறு நோயோ வயதோ காரணமா என்பதை அன்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு பூவைப் பறித்து இதழின் ஓரத்தை ஒரு கைக்கண்ணாடியில் பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். பிறகு வீதி அகலமானபோது அந்த மரமும் போய்விட்டது. ஒரு இலையைக்கூட எடுத்து வைக்கவில்லையே என்ற கவலை இன்றும் இருக்கிறது.

ஏன் காய்ப்பதில்லை? கோவேறு கழுதையின் கதை பலருக்குத் தெரியும். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளான நிறமூர்த்தங்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. பிள்ளைக்கு 63. ஒற்றைப்படை எண் சோடி சேராமல் தடுமாறுவதால் அது மலடு. கண்டலில் கணக்கு அப்படி இல்லை. இரண்டு இனத்துக்கும் நிறமூர்த்தம் 36 தான். ஆகவே பிள்ளைக்கும் 36. எண்ணிக்கை பொருந்தினாலும் உள்ளே எழுதியிருப்பது பொருந்துவதில்லை. இரண்டு இனமும் நெடுங்காலம் தனித்தனியே மாறி வந்தவை. உடல் வளர்வதற்கு அந்த இரண்டு புத்தகங்களும் ஒத்துழைக்கின்றன, அதனால்தான் மரம் செழிப்பாக நிற்கிறது. மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில், நிறமூர்த்தங்கள் பாதியாகப் பிரிகிற ஒடுக்கற்பிரிவு நடக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் தந்தையிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் வரிக்கு வரி ஒட்டி நின்று பிரிய வேண்டும். வரிகள் பிசகினால் நல்ல மகரந்தம் உருவாகாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. மலேசியாவில் இந்த மரங்களின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட முடிவும் அதையே காட்டியது. இவை முதல் தலைமுறைக் கலப்புகள். கலப்பின மரத்துக்குக் கலப்பினப் பிள்ளைகள் பிறந்து காடு பெருகுவதில்லை. எங்கே ஒரு கலப்பினக் கண்டல் நின்றாலும், அது அந்த இடத்தில் இரண்டு இனமும் புதிதாய்ச் சேர்ந்ததால் தனியாகப் பிறந்த மரம். அதனால்தான் அது அரிது. அதனால்தான் ஒன்றை வெட்டினால் அதன் இடத்தை நிரப்ப அதன் விதை வராது.

கலப்பினம் என்றால் ஆபத்து என்று ஒரு பயமும் நம்மிடம் இருக்கிறது. விதைநெல் வயலில் கலப்புக் கதிரைப் பிடுங்கி எறிகிற விவசாயி மண் இது, அந்தப் பயம் புரிகிறது. சில மரங்களில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. கலப்புப் பிள்ளை காய்க்கக்கூடியதாக இருந்து, அது திரும்பத் திரும்ப ஒரு பெற்றோருடனேயே சேர்ந்தால், எண்ணிக்கையில் குறைந்த இனம் பல தலைமுறைகளில் பெரும்பான்மை இனத்துக்குள் கரைந்துபோகும். இலங்கையில் கலப்பை நினைத்துக் கவனமாக இருக்க வேண்டிய மரம் ஒன்று உண்டு. சிவப்புப் பூப் பூக்கும் லும்னிட்சேரா லிட்டோரியா. தென்மேற்கில் பலப்பிட்டிய, மாது கங்கைப் பக்கம் மட்டும் சொற்பமாக நிற்கிறது. அதன் வெள்ளைப்பூச் சகோதரம் லும்னிட்சேரா ரெசிமோசா நம் மட்டக்களப்புக் கரையிலும் சாதாரணம். இரண்டும் சேர்ந்தால் இளஞ்சிவப்புப் பூவுடன் கலப்பினம் வரும் என்பது வெளிநாட்டுக் கரைகளில் தெரிந்த செய்தி. ஆகவே அந்தச் சிவப்புப்பூ மரத்தின் அருகே வெள்ளைப்பூ மரத்தைக் கொண்டுபோய்ப் பரவலாக நடுவது நல்ல யோசனை இல்லை. கண்டலின் கலப்பினத்தில் அந்த அபாயம் சிறிது. காய்க்காத மரம் எதையும் கரைக்காது. அதைக் கண்டால் விட்டுவிட வேண்டும், குறித்து வைக்க வேண்டும். செழிப்பாக இருக்கிறதே என்று பதியம் போட்டுப் பெருக்கி ஒரு திட்டத்துக்கு நட வேண்டாம். மீனுக்கும் இறாலுக்கும் அதன் வேர் நிழல் தரும், சரி, ஆனால் அந்தக் காடு தன்னைத் தானே புதுப்பிக்காது.

இனி அந்த மூன்று மரங்களின் கதைக்கு வருகிறேன்.

ஒரே இனத்துக்குள் மரத்துக்கு மரம் இருக்கும் வேறுபாட்டைத்தான் மரபணுப் பல்வகைமை என்கிறோம். ஒரு கண்டல் உப்பை அதிகம் தாங்கும், இன்னொன்று நன்னீர் வெள்ளத்தில் மாதக்கணக்கில் நின்றாலும் வேர் அழுகாமல் பிழைக்கும், வேறொன்றின் இலையைப் புழு தொடாது. எந்தக் குணம் எந்த வருடத்தில் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மட்டக்களப்பு வாவி அப்படியான இடம். மாரியில் ஆறுகள் வந்து கொட்டும்போது உப்பு வடிந்துபோகிறது, கோடையில் திரும்ப ஏறுகிறது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்ட நீர்ப்பரப்பு இது. அந்த நீளத்தில் உப்பும் ஒரே அளவாக இருப்பதில்லை. பல குணமுள்ள மரங்கள் இருந்தால்தான் எல்லா வருடத்தையும் காடு கடக்கும்.

உலகத்துக் கண்டல்களைப் பற்றி ஒரு கசப்பான செய்தி இருக்கிறது. இந்தோ மலாயக் கரைகளில் ஆறு இனங்களை, 26 கூட்டங்களிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2018ல் வெளிவந்த ஆய்வு, எல்லாக் கூட்டங்களிலும் மரபணுப் பல்வகைமை மிகமிகக் குறைவு என்று கண்டது. காடு பச்சையாக, அடர்த்தியாகத்தான் தெரிகிறது. உள்ளே எழுத்து வேறுபாடு சொற்பம். கடல்மட்டம் ஏறி இறங்கியதன் தழும்பு அது என்பது அவர்கள் முடிவு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 வருடத்துக்கு முன், கடல் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. நம் வாவியின் அடித்தரை அன்று காய்ந்த நிலம். கடல் மேலே ஏற ஏறக் கண்டல்களும் கரையோடு கரையாக இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு பெயர்விலும் வந்து சேர்ந்தவை கொஞ்சம், தொலைந்தவை கனக்க.

பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2013ல் புதுப்பாலம் வரும்வரை ஒரு பக்கத்து வாகனம் போக மறுபக்கம் காத்து நிற்கும். அகலமான வீதியில் வந்த கூட்டம் அந்த இடத்தில் ஒற்றை வரிசையாகும். மரங்களின் வரலாற்றிலும் அப்படியான ஒடுங்கிய பாலங்கள் உண்டு. ஆயிரம் மரம் இருந்த இடத்தில் பத்து மட்டும் தப்பினால், அந்தப் பத்தின் மடியில் இருந்த குணங்கள் மாத்திரமே மறுகரைக்குப் போகும். பிறகு மரங்கள் மறுபடி ஆயிரமாகலாம், பத்தாயிரமாகலாம். தொலைந்த குணம் அதோடு திரும்பாது. கிழக்குக் கரை இப்படிப் பல பாலங்களைக் கடந்துவிட்டது. 1978 நவம்பர்ச் சூறாவளி ஒன்று. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரமும் வாவிக்கரையும் வெட்டி வெளியாக்கப்பட்டது இன்னொன்று. இறால் வளர்ப்புக்கு வெட்டியது, விறகுக்கு வெட்டியது, நிலம் நிரப்ப மூடியது என்று மெதுவாக நடந்தவை வேறு. கடைசியில் 2004 மார்கழி 26.

கண்டலுக்குத் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் துணை மரம் இருந்தால் காற்று அதன் மகரந்தத்தைக் கொண்டுவரும். இல்லாவிட்டால் தன் மகரந்தமே தன் பூவில் விழும். காய் பிடிக்கும், ஆனால் அது நெருங்கிய இரத்தத்துக்குள் நடந்த கல்யாணம் மாதிரி. தாய்க்குள் ஒளிந்திருந்த குறைகள் பிள்ளையில் வெளியே தெரிய வரும். இந்த விஷயத்தை இலங்கைக் காட்டிலேயே அளந்திருக்கிறார்கள், கண்டலில் இல்லை, ஈரவலயத்துப் பெருமரம் ஒன்றில். சோரியா மெகிஸ்டோபில்லா என்ற அந்த மரத்தை வெட்டாத காட்டிலும் சில மரங்களை மட்டும் தெரிந்தெடுத்து வெட்டிய காட்டிலும் ஒப்பிட்டு 1994ல் வெளிவந்த ஆய்வு அது. வெட்டாத காட்டில் பிறந்த விதைகளில் 87 வீதம் அளவு வேறு மரத்தோடு சேர்ந்து பிறந்தவை. வெட்டிய காட்டில் அது 71 வீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்தக் காட்டை யாரும் அழிக்கவில்லை, நடுநடுவே சில மரங்களைத்தான் எடுத்தார்கள். மீதி மரங்களுக்கு இடையே தூரம் கூடியதே அதற்குப் போதுமாக இருந்தது.

அந்தச் சோரியாவின் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் பக்கமும் நிற்கிறது. வட்டிக்கா ஒப்ஸ்குரா. இலங்கைக்கே உரிய மரம், கிழக்கின் உலர்காட்டில் ஆற்றோரங்களை ஒட்டி வளர்வது. இலங்கையில் அந்தக் குடும்பத்தின் மற்ற மரங்கள் பெரும்பாலும் ஈரமான காட்டை விட்டு நகராதவை, உலர்வலயத்தில் வாழப் பழகியது இது ஒன்றுதான். கண்டலுக்குச் சகோதர இனம் பக்கத்தில் நிற்பதால் கலப்புப் பற்றிப் பேசுகிறோம். இந்த மரத்துக்குச் சேரப் பக்கத்தில் யாருமே இல்லை. தன் இனத்து மரங்களும் ஐதாகிக்கொண்டு போனால் அதற்கு மிஞ்சுவது தன் மகரந்தம்தான். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வாவிக்கு வருவோம். கண்டல் காய் மிதக்கும். மாதக்கணக்கில் உயிரோடு மிதந்து போய் வேறு கரையில் வேரூன்றும். அப்படியென்றால் மூன்று மரத்துப் பிள்ளைகளை நட்டால் என்ன, மற்றவை மிதந்து வந்து கலக்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கலக்கும், வழி திறந்திருந்தால். மட்டக்களப்பு வாவிக்குக் கடல்வாய்கள் இரண்டு, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். கோடையில் மணல் வந்து வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் வந்து தானாக உடையும், அல்லது வயல் மூழ்குகிறது என்று ஆற்றுவாயை வெட்டி விடுவார்கள். வெட்டுவதா வேண்டாமா என்று வயற்காரருக்கும் மீன்காரருக்கும் இடையே வருகிற வாக்குவாதம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வாக்குவாதத்தில் கண்டலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வாய் திறந்திருக்கும் நாட்கள்தான் வாகரைக் கண்டலின் பிள்ளையோ பொத்துவில் கண்டலின் பிள்ளையோ இந்த வாவிக்குள் வரக்கூடிய நாட்கள். வாவிக்கு உள்ளேயும் பாலங்களும் தாம்போதிகளும் நீரோட்டத்தை மறித்து நிற்கின்றன. இலங்கையில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் கண்டற்காடு கரையோரத்தில் ஒரு மெல்லிய விளிம்பாகத்தான் நிற்கிறது. விளிம்பில் ஒரு இடைவெளி விழுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனித் துண்டாகிவிடும்.

நாட்டில் சுனாமிக்குப் பின் நட்ட கண்டல்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்த்து 2017ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 23 இடங்கள். நட முயன்ற பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தில் பிழையான இனத்தை நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது, பாசி வந்து மூடியது என்று காரணங்கள். எதை நட்டோம் என்று பார்த்தால் பெரும்பாலும் ரைசோபோராதான், ஏனென்றால் அதன் காய்தான் பெரிது, பறிக்க லேசு, குத்த லேசு. தில்லைக்கும் வெண்கண்டலுக்கும் கிண்ணைக்கும் உரிய இடங்களிலும் அதையே குத்தினோம். இந்தக் கணக்கில் தேறிய கன்றுகள் எத்தனை தாயின் பிள்ளைகள் என்பது சேரவில்லை. தேறிய இடங்களைத்தான் நான் கூடுதலாகக் கவலையோடு பார்க்கிறேன். செத்த கன்று செத்துவிட்டது. மூன்று தாயின் பிள்ளைகள் எண்ணூறு பேர் நன்றாக வளர்ந்து, தங்களுக்குள்ளேயே பூத்துச் சேர்ந்து காய்த்தால், அடுத்த தலைமுறையில் சகோதரங்களின் பிள்ளைகள் நிற்கும்.

எத்தனை தாய்மரம் போதும்? இதைக் கணக்காகவே போடலாம். ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி இருக்கும். ஒரு நல்ல குணத்துக்குரிய பிரதி அந்தக் காட்டில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிதுதான், ஆனால் வறட்சி வருடத்தில் அதுவே காப்பாற்றும். மூன்று தாய்மரத்தில் ஆறு பிரதிகள். அந்த ஆறில் ஒன்றிலாவது அது இருக்கும் வாய்ப்பு 26 வீதம். பத்து மரத்தில் 64 வீதம். முப்பது மரத்தில் 95 வீதம். முப்பதுக்கு மேலே போனால் கூடுவது கொஞ்சம்தான். ஆக, முப்பது தாய்மரம் என்பது ஆசைக்குச் சொன்ன எண் இல்லை, கணக்கு தருகிற எண். அந்த முப்பதும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற மரங்களாக இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். தாயின் காலடியில் விழுந்த பிள்ளைகளாக அவை இருக்கக்கூடும். ஒரு மரத்துக்கும் அடுத்ததுக்கும் ஐம்பது மீற்றராவது இடைவெளி விட்டுப் பறிப்பது நல்லது. ஒரு மரத்தில் உள்ளதை எல்லாம் வழிக்காமல் இருபது, முப்பது காயோடு நிறுத்தினால், மிதந்து போவதற்கும் மரத்தில் மிச்சம் இருக்கும்.

தோணி வைத்திருக்கும் ஒருவருக்கு இது இரண்டு நாள் வேலை. மண்டூர்ப் பக்கத்தில் தொடங்கி வடக்கே வந்துகொண்டே போனால் கிழக்குக்கரையான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாறி மாறிப் பறிக்கலாம். வெளியூரிலிருந்து லொறியில் காய் கொண்டுவருவதைவிட இது எவ்வளவோ மேல். புத்தளம் களப்பு கடலைவிட உப்புக் கூடிய நீர் உள்ள இடம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேறிவந்த கண்டலுக்கு நம் மாரி வெள்ளம் பழக்கமில்லை. பல்வகைமை வேண்டும் என்பதற்காக எங்கிருந்தாவது கொண்டுவந்து கொட்டினால், இந்த வாவிக்கு ஏற்றபடி இத்தனை காலம் அமைந்து வந்த சேர்க்கையும் குழம்பும். முதலில் இந்த வாவி. போதாவிட்டால் பக்கத்து உப்பாறு, வாகரை, தெற்கே கோமாரி, பொத்துவில்.

தில்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கொப்பை ஒடித்து நட்டால் தாய் எதுவோ கன்றும் அதுவே. ஒரே மரத்துக் கொப்புகளை வரிசையாக நட்டால் ஒரு முழுக்கரையும் ஆணாகவே நிற்கும், அல்லது பெண்ணாகவே நிற்கும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று பயந்து நாம் கிட்டப் போவதில்லை, அதனால் எது ஆண் எது பெண் என்று பார்த்ததும் இல்லை. பூக்கும் காலத்தில் நீளமான பூங்கதிர் தொங்கினால் ஆண், சிறிய கதிரில் மூன்று பிரிவாகக் காய் பிடித்தால் பெண். எட்ட நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம். கிண்ணை இன்னும் வேறு. அது இரவில் பூக்கும், வௌவால் வந்து தேன் குடித்து மகரந்தத்தைச் சுமக்கும். கிண்ணை நடுகிறவர் வௌவால் தங்குகிற மரத்தையும் விட்டுவைக்க வேண்டும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நூறு மரத்தின் இலையை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பொதி செய்து வைத்தால் டி.என்.ஏ. பழுதாகாது, ஆய்வை வசதிப்படும்போது செய்யலாம். கண்டலின் மரபணுத் தொகுதி சிறியது, மனிதருடையதில் பத்திலொன்று அளவு. படிப்பதற்கு அது ஒரு வசதி. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியில் உள்ள டி.என்.ஏ. பொதுவாகத் தாய்வழி வருவது. ஆகவே கலப்பின மரம் ஒன்று அகப்பட்டால், அதன் தாய் குறுங்காயா நெடுங்காயா என்பதையும் கண்டுபிடிக்கலாம். அதுவரைக்கும் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கைக்கண்ணாடியோடு இதழின் மயிரைப் பார்த்து, காய்க்காத கண்டல் எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்தாலே பெரிய வேலை. பெரியப்பா காட்டிய மரம் போய்விட்டது. அவர் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் வேறு மலட்டுக் கண்டல்களைக் காட்டுவார்கள்.

இந்த முறை எங்கள் ஊரில் காய் பறிக்கப் போகும்போது ஒவ்வொரு மரத்துக் காய்க்கும் ஒரு சிறு பையாக முப்பது பைகள் எடுத்துப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பையின் வாயில் ஒரு துண்டுக் கடதாசி: எந்தக் கரை, எத்தனையாவது மரம், எந்த இனம், என்ன திகதி. நடும்போது பைகளைக் கலந்து, ஒரே தாயின் காய்கள் அடுத்தடுத்து வராதபடி குத்துவோம். பலகை எழுத வருபவரிடம் கன்றுத் தொகைக்குக் கீழே தாய்மரத் தொகையையும் எழுதச் சொல்ல வேண்டும்.